பொதுச் சானலில் படகுக் கதை

என் மகன் ஜோயல் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டான் என்று ஹெட்லி சொன்னது, ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். அதுவும் நான் சுட்ட கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு. கேக்கைத் தின்று முடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

ஹெட்லி எங்கள் சபையின் மூத்த மூப்பர். எங்கள் போதகருக்கு இந்தக் கோதுமைச் சீமையில் நாலு சபைகள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்குக் கிடைப்பார். மற்ற ஞாயிறுகளில் அவர் எழுதி அனுப்பும் பிரசங்கத்தை ஹெட்லிதான் நின்று வாசிப்பார். சிறுவர் செய்தியும் அவரே. பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து ஒரு கதை சொல்வார். கதை முடிந்ததும், "இதிலேர்ந்து நாம என்ன கத்துக்கறோம்?" என்று கேட்பார். ஒரு பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். ஞானப்பாட்டு பாடும்போது அவர் குரல்தான் கூரையைத் தொடும். ஆர்கன் வாசிப்பவளே அவர் பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டும். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. தானும் தப்பு செய்யக்கூடும் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு எழுபது வயது வரை வந்ததே இல்லை.

விஷயம் இதுதான். ஹெட்லியின் மெரினோ ஆடுகள் ஊரில் பேர்போனவை. கம்பளிக்காக வம்சம் பார்த்து வளர்ப்பவை. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கறிக்காக வளர்க்கும் கிடாக்கள் நின்றன. நடுவில் ஒரு கேட். வெள்ளிக்கிழமை யாரோ அதைத் திறந்துபோட, கிடாக்கள் உள்ளே புகுந்து இரண்டு நாள் கொண்டாடிவிட்டன. இனி பிறக்கும் குட்டிகளில் எது எந்த வம்சம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்த ஜோயல், அந்த கேட்டைத் தாண்டித்தான் ஹெட்லியின் குட்டையில் இறால் பிடிக்கப் போயிருந்தான். ஹெட்லி கொடுத்த அனுமதிதான்.

"நான் மூடினேன். சங்கிலியும் போட்டேன்," என்றான் ஜோயல். ஒன்பது வயது. காது சிவந்துபோயிருந்தது.

"ஆடு போனா போகட்டும் கெரின்," என்றார் ஹெட்லி என்னிடம், ஊருக்கே கேட்கும்படி. "புள்ள பொய் சொல்றான் பாரு, அதான் எனக்கு வருத்தம். கிறிஸ்துமஸ் ஆராதனைல வேதம் வாசிக்கிறவன் உண்மை பேசறவனா இருக்கணும் இல்லையா? அடுத்த ஞாயித்துக்குள்ள வந்து மன்னிப்புக் கேட்டுட்டா போதும். நான் மறந்துடுவேன்."

அந்த வருடம்தான் முதல்முறையாக ஜோயலை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, சபை முழுக்கக் கேட்க, கிறிஸ்து பிறந்த பகுதியைத் தனியாக வாசிக்க வேண்டும். ஒரு மாதமாக நாயை உட்காரவைத்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். நாய்க்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

வண்டியில் வரும்போது, "ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிட்டா முடிஞ்சுடும்ல?" என்றேன்.

"செய்யாததுக்கு எப்படிம்மா சாரி சொல்றது? அதுதான பொய்யி?"

என் கணவன் லிண்டன் வண்டி ஓட்டுவதில் திடீரென்று ரொம்பக் கவனமானான். ஜோயல் இதற்கு முன் எங்கள் வீட்டு கேட்டையே இரண்டு தடவை திறந்துபோட்டிருக்கிறான். இரண்டு தடவையும் மூடினேன் என்று சத்தியமே செய்திருக்கிறான். இந்த ஊரில் பிள்ளை நடக்கப் பழகும்போதே, எந்த கேட்டை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். நேராகச் சொல்லிவிடுகிறேன்: நான் அவனை நம்பவில்லை.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் யாரும் மேசையை விட்டு எழ மாட்டோம். ஜெபம், ஒரு வேதபகுதி, அதன்பின் ஏதாவது கதைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம். நான்தான் வாசிப்பேன். நல்ல கதையைப் பிள்ளை காதில் போட்டுவிட்டால் போதும், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது என் கட்சி. கதை சொல்லிவிட்டு விளக்கமும் சொல்வது, பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு அதன் தாடையை நாமே பிடித்து ஆட்டுவது மாதிரி. இதை ஹெட்லியிடம் பல தடவை வாதாடியிருக்கிறேன்.

இவ்வளவு பேசுகிறவள் அந்தத் திங்கட்கிழமை என்ன செய்தேன் தெரியுமா? பாதி படித்திருந்த புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அலமாரியைக் குடைந்து, சபை விற்பனையில் எப்போதோ வாங்கிய அட்டை கிழிந்த ஒரு கதையை எடுத்தேன். ஒரு மீனவ ஊர். மாட்ஸ் என்று ஒரு பையன். விளையாட்டுக்கு அடுத்தவர் படகை அவிழ்த்துவிடுகிறான், படகு கடலோடு போய்விடுகிறது, பழி வலை பின்னும் யென்ஸ் கிழவர் மேல் விழுகிறது. பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். சரியான தூண்டில். ஜோயல் வெள்ளிக்கிழமைக்குள் மாட்டிக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன்.

அது அறுவடைக் காலம். லிண்டன் காலையில் அறுவடை மிஷினில் ஏறினால் பனி இறங்கும்வரை இறங்க மாட்டான். சாப்பாட்டைக் கூட வயலுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆனால் கதை இல்லாமல் இருக்க மாட்டேன் என்பான். ஆகவே அறுவடை முடியும்வரை, சமையலறையில் இருக்கும் வயர்லெஸ் பெட்டியின் மைக்கில் நான் வாசிப்பேன். சின்னவள் ஆனிகா இரண்டு கையாலும் மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வாள்; அதை விட்டால்தான் மற்றவர் குரல் எங்களுக்குக் கேட்கும். யாரும் பயன்படுத்தாத ஒரு சானலைப் பார்த்து வைத்திருந்தோம்.

யாரும் பயன்படுத்தாத சானலாம். பதினைந்து வருடமாக அறுவடை பார்க்கிறவளுக்குப் புத்தி எங்கே போனது? நாள் முழுக்கத் தனியாக மிஷினில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் வயர்லெஸ்ஸை எல்லாச் சானலிலும் தேடவிட்டு, எங்கே பேச்சுக் கேட்கிறதோ அங்கே காதை வைப்பான். திங்கட்கிழமை முதல் அத்தியாயம் முடித்தேன். படகு அலையில் ஆடி ஆடிப் போகிறது, மாட்ஸ் கரையில் நிற்கிறான். புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?" என்றது பெட்டி.

அது லிண்டன் குரல் இல்லை. ஆனிகா மைக்கைக் கீழே போட்டாள்.

"மன்னிச்சுக்க கெரின், நான்தான் டஸ்டி. தானியக் கெடங்கு வரிசைல லாரியோட நிக்கறேன். படகு என்னாச்சு?"

டஸ்டி லாரி ஓட்டுகிறவன். கோவில் வாசலை மிதித்து இருபது வருடம் ஆகியிருக்கும். "நாளைக்குத்தான் டஸ்டி. எங்க வீட்ல ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான்," என்றேன்.

"இது அநியாயம்," என்றான்.

அடுத்து இன்னொரு குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு. "கெரின், ஹெட்லி பேசறேன். கதை நல்லாருக்கு. ஆனா முடிஞ்சதும் பாடம் என்னன்னு சொல்லணும். பிள்ளைங்கள அந்தரத்துல விடக்கூடாது. ஓவர்."

எனக்கு எரிச்சல் வரவேண்டும். ஆனால் உண்மையில் சந்தோஷம்தான் வந்தது. கேட்கட்டும். நான் எப்படிப் பிள்ளை வளர்க்கிறேன், ஒரு அறிவுரை இல்லாமல் ஒரு பையனை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று மூப்பரும் கேட்கட்டும். ஜோயலைப் பார்த்தேன். அவன் கஸ்டர்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் செய்தி பரவிவிட்டது. கிடங்கில் வரிசையில் நிற்கும் லாரிகள் எல்லாம் எங்கள் சானலுக்கு வந்துவிட்டன. யென்ஸ் கிழவரைத் துறைமுகத்தில் வேலையை விட்டு நிறுத்திய இடத்தில், "அந்த முதலாளி மட்டும் என் கைல கிடைக்கட்டும்," என்றான் டஸ்டி. முதலாளி மேல் என்ன தப்பு, பையன் மேல்தான் தப்பு என்று வேறு ஒருவன் சண்டைக்கு வந்தான். கதையே படிக்காத மனுஷர்கள், பார்லி அறுத்துக்கொண்டு நீதி நியாயம் பேசினார்கள். ஆனிகாவுக்கு ஒரே பெருமை. ராஜாத்தி மாதிரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சும்மா இருங்க, அம்மா வாசிக்கணும், ஓவர்," என்பாள். எல்லோரும் சும்மா இருப்பார்கள்.

நான் மட்டும் புத்தகத்தைப் பார்த்ததைவிட ஜோயலின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். மாட்ஸ் பொய் சொல்லும் இடம் வந்தால் ஒரு கணம் நிறுத்துவேன். ஓரக்கண்ணால் பார்ப்பேன். பையன் முழங்கையை மேசையில் ஊன்றி, வாயைத் திறந்து வைத்துக் கதை கேட்பான். முகத்தில் ஒரு கலக்கம் உண்டா? கிடையாது. இவ்வளவு கல்நெஞ்சா என் வயிற்றில் பிறந்தது என்று எனக்கே பயமாகிவிட்டது.

புதன்கிழமை லிண்டன் பெட்டியில் வந்தான். "கெரின், புத்தகத்தப் பாத்துப் படி. ரெண்டு வரி விட்டுட்ட. யென்ஸ் இப்பத்தான் வீட்ல இருந்தாரு, அதுக்குள்ள எப்படிக் கடைக்குப் போனாரு?"

"கேக்கறவன் மாதிரி கேளு. இன்ஸ்பெக்டர் வேலை பாக்காத," என்றேன். யாரோ சிரித்தார்கள்.

வியாழக்கிழமை அத்தியாயத்தில் மாட்ஸ் கோவிலுக்குப் போகிறான். யாரும் தன்னைச் சந்தேகப்படக்கூடாது என்று, அந்த ஞாயிறு எல்லோரையும்விட உரத்துப் பாடுகிறான். பக்கத்திலிருந்தவர்கள் எவ்வளவு பக்தியுள்ள பிள்ளை என்று மெச்சிக்கொள்கிறார்கள். அந்த மெச்சல்தான் அவனுக்கு அன்று தொண்டையில் சிக்கியது என்று எழுதியிருந்தது. நன்றாக எழுதியிருந்தது, நானும் நன்றாக வாசித்தேன்.

முடித்ததும் டஸ்டி வந்தான். "நம்ம ஊருல கூட ஒருத்தர் உண்டே, எங்க அம்மா சாவுக்குப் பாடினப்ப ஜன்னலே ஆடிச்சு. ஹெட்லி, கேக்குதா?"

ஊர் முழுக்கச் சிரித்தது. ஹெட்லியிடமிருந்து பதில் இல்லை. வேறு நாளாக இருந்தால், பாட்டு என்பது கர்த்தருக்குச் செலுத்தும் காணிக்கை என்று ஒரு சின்னப் பிரசங்கமாவது கிடைத்திருக்கும். அன்று பாடத்தையும் கேட்கவில்லை, ஓவரும் சொல்லவில்லை. டஸ்டி அவரை நோகடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நாளை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறுக்கு முன் எனக்கு இருந்த கடைசி நல்ல அத்தியாயம். மாட்ஸ் யென்ஸ் கிழவர் வீட்டு வழியாகப் போகிறான். அடுப்புப் புகை இல்லை. வாசலில் பாதி பின்னிய வலை கிடக்கிறது. அந்த இடத்தில் என் குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. ஜோயலும் கண்ணைத் துடைத்தான். இதோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஆனிகா அந்த நேரம் பார்த்துக் கை வலிக்கிறது என்று பொத்தானை விட்டாள்.

"கெரின். நிறுத்தும்மா."

ஹெட்லியின் குரல். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மேட்டில் அவர் வயல் தெரியும். சாயங்கால வெயிலில் அவர் மிஷின் எழுப்பிக்கொண்டு வந்த தூசி அப்படியே அடங்கி, மிஷின் நடு வயலில் நின்றது.

"நான்தான்," என்றார். "அந்த கேட்டு. நான்தான் திறந்துபோட்டேன்."

ஆனிகா மைக்கை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை தண்ணித் தொட்டியப் பாக்கப் போனேன். கேட்டு மூடித்தான் இருந்துது. சங்கிலியும் இருந்துது. திரும்பி வரும்போது மூடிக்கலாம்னு போனேன். அதுக்குள்ள போன் வந்துது, பேசிக்கிட்டே மேட்டு வழியா வீட்டுக்குப் போயிட்டேன். திங்கக்கிழமை காலைல போய்ப் பாக்கறேன், கேட்டுக் கம்பத்துல என் குறடு தொங்குது. தொட்டிக்காக எடுத்துட்டுப் போன குறடு. பாத்ததும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. திங்கக்கிழமைலேர்ந்து எனக்குத் தெரியும். வாய மூடிக்கிட்டு இருந்தேன். சபை முழுக்கச் சொல்லியாச்சு, எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல. அந்தப் புள்ள வந்து மன்னிப்புக் கேட்டுட்டா பேசாம மன்னிச்சுடலாம்னு இருந்தேன். அப்படியும் நெனச்சேன். எல்லாரும் கேக்கத்தான் அவன்மேல பழி சொன்னேன். அதனால இதையும் எல்லாரும் கேக்கட்டும்."

கடைசியில் டஸ்டிதான், கேலியா இல்லையா என்று தெரியாத குரலில், "இதிலேர்ந்து நாம என்ன கத்துக்கறோம், ஹெட்லி?" என்றான்.

"எனக்குத் தெரியலடா," என்றார் ஹெட்லி. "ஜோயல் இருக்கானா?"

ஜோயல் தங்கையின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். என்னைப் பார்க்கவில்லை.

"ஹெட்லி அங்கிள், ஜோயல் பேசறேன். சங்கிலி போட்டேன்னு சொன்னேன்ல? ஓவர்."

"சொன்ன. போட்டுத்தான் இருந்த. நான் தப்பு பண்ணிட்டேன். கேட்டுல ஒரு தப்பு, உன்கிட்ட அதவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிப்பியா?"

ஜோயல் யோசித்தான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நின்று யோசித்தான். "சரி," என்றான். "கிறிஸ்துமஸ்க்கு நான் வாசிக்கலாமா?"

"நீதான் வாசிக்கணும். நான் முன்வரிசைல உக்காந்து கேக்கறேன்."

"குட்டைல எறா?"

"எல்லாம் உன்னுது. ஓவர்."

லிண்டன் என்னவோ சொல்ல வந்து, மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வந்தது. அந்த மூக்கை எனக்குத் தெரியும். அப்புறம் டஸ்டி: "எல்லாம் சரி. யென்ஸ் கிழவர் என்னானாரு? யாராவது அந்தப் புத்தகத்தப் படிங்கப்பா, வரிசை நகரப் போகுது."

படித்தேன். என்ன படித்தேன் என்று எனக்குத் தெரியாது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. இந்த முறை எத்தனை வரி விட்டேனோ, லிண்டன் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனிகாவைப் படுக்கப் போகச் சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவினேன். ஜோயல் பக்கத்தில் நின்று துடைத்தான். ஹெட்லி ஊர் கேட்க மன்னிப்புக் கேட்டுவிட்டார். எனக்கோ என் சொந்த சமையலறையில், ஒரு பையனிடம் கேட்க நாக்கு எழவில்லை. எழுபது வயது மனுஷனைப் பற்றி எவ்வளவு இளக்காரமாக நினைத்திருந்தேன். அவர் மேல் அன்று எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை.

"ஜோயல்," என்றேன், "நானும் உன்னை நம்பல. அம்மாவ மன்னிச்சுடு."

தட்டின் இரண்டு பக்கத்தையும் துடைத்து அடுக்கினான். "எனக்காகத்தான அந்தப் புக்க எடுத்த?"

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். படகு அவுத்துவிட்டப்ப நீ என்னையே பாத்துட்டு இருந்த."

"அப்ப ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. புரியாமல் கேட்கிறாளே என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"சொன்னேனேம்மா. ஞாயித்துக்கிழமையே சொன்னேனே, கேட்ட மூடினேன்னு."

சோப்புக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். சட்டை நனைகிறது என்று நெளிந்தான், ஆனால் விலகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் தோளுக்குள்ளிருந்து, "நாளைக்கு வேற கதை படிம்மா," என்றான். "சும்மா ஒரு கதை. யாரையும் பாக்காம."

மறுநாள் சும்மா ஒரு கதை எடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புத்தகத்தை மட்டுமே பார்த்துப் படித்தேன்.